கப்பல் மேல்தட்டும் நம் முன்னோரும்

கெமாஸ் வட்டாரத் தோட்டமொன்றில் நான் கிராணியாக இருந்து வருகிறேன். எங்கள் ஆபீசின் முன்தாழ்வாரம் பலகையால் ஆனது. மழைக்காலம் வருமுன் அதற்கு எண்ணெய் பூச வந்த ஆசாரி, பலகைகளின் மேற்புறத்தை விட்டுவிட்டு வெட்டுமுனைகளையே முதலில் குனிந்து ஆராய்ந்தார். காரணம் வினவினேன். “மரம் வாயாலேதான் தண்ணி குடிக்கும், ஐயா. இதுதான் அதுக்கு வாய்” என்றார். அச்சொல் என் சிந்தையைக் கப்பல் தட்டின்பால் இழுத்துச் சென்றது. இத்தோட்டத்தின் முதியோரும் அவர்தம் பெற்றோரும் இந்நாட்டை அடைந்தது அத்தகைய பலகைத் தட்டின்மேற் படுத்தன்றோ!

‘டெக்குப் பிரயாணி’ என்னும் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் மலாயாவில் இருந்திராது. அறையும் கட்டிலும் இன்றி, தட்டிலேயே பாய் விரித்துக் கிடந்து வங்கக் கடலைக் கடந்தவர்க்கு அது பெயர். ஆயினும் அத்தட்டு யாது, அதனை எவ்வாறு காத்தனர் என்பதை நம்மவர் எண்ணிப் பார்த்ததில்லை.

மேல்தட்டுக்குப் பர்மாத் தேக்கே மேலானதாக மதிக்கப்பட்டது. தன்னகத்தே எண்ணெய்ப் பசையுடையது, நீரையும் பூச்சியையும் எளிதில் ஏற்காது, ஆணியையும் அரிக்காது. எனினும், எத்துணை நல்ல பலகையாயினும் இரண்டை அடுத்து வைத்தால் இடையில் இடுக்கு உண்டு. அவ்விடுக்கின் மேல்வாய் சற்றே அகன்றிருக்குமாறு பலகையைச் செதுக்குவர். தாரில் தோய்ந்த சணல் நாரைத் திரியாக முறுக்கி, அகன்ற வாயுடைய உளியையும் கொட்டாப்புளியையும் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்குவர். பின் கீலை உருக்கி வார்த்து, ஆறியபின் மிகுதியைச் சுரண்டுவர். நம் துறைமுகங்களில் இத்தொழிலுக்குக் கலப்பத்து என்று பெயர். மலாய்க்காரர் இந்நாட்டுக் காட்டுக் குங்கிலியத்தை எண்ணெயிற் குழைத்துத் தம் படகுகளுக்கு இட்டதும் இதே நோக்கத்தால்தான்.

அந்நார் வந்த வழி கேட்கத் தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழங்கப்பற் கயிறுகளைத் துண்டித்து விரல் நோகப் பிரித்தெடுக்கும் வேலையை இங்கிலாந்துச் சிறைக் கைதிகளுக்கும், அனாதை விடுதிகளிற் புகுந்த ஏழைகளுக்கும் விதித்திருந்தனர். அவ்வாறு ஓர் ஏழை பிரித்த நார் அடைத்த தட்டின்மீது வேறோர் ஏழை பாய் விரித்தான்!

கலப்பத்தோடு காவல் முடிவதில்லை. மழைநீர் தேங்கினால் மரம் உளுத்துப் போகும். கடல்நீரின் உப்போ உளுக்கச் செய்யும் காளானை எளிதில் வளரவிடாது. ஆதலின் விடியுமுன் கடல்நீரை இறைத்து, மணலும் மணற்கல்லும் கொண்டு தட்டைத் தேய்ப்பது கலாசிகளின் வழக்கம். வெயிற் காலத்தில் மாலையிலும் நனைப்பர். நனைந்த பலகை உப்பி இடுக்கை நெருக்கும், உலர்ந்தாலோ சுருங்கிப் பிளவு காட்டும். உச்சி வெயிலைத் தடுக்க மேலே கித்தான் பந்தல் கட்டுவர்.

மேல்தட்டில் இருப்போர்க்கு அது தரை; அதன் கீழ்த்தட்டில் நெருங்கிக் கிடப்போர்க்கோ அதுவே கூரை. இடுக்கொன்று விட்டுப்போயின், கீழே உறங்கும் குழந்தையின் முகத்திலேதான் நீர் சொட்டும். ஆகவே கலப்பத்துக்காரனின் உளி நம் மக்களுக்கும் காவலாக இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

மக்களைக் காக்கச் சட்டமும் இருந்தது. 1887-ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட சுதேசிப் பிரயாணிக் கப்பற் சட்டம் தட்டின் பரப்பை அளந்து ஆட்களை எண்ணியது. 1907-ல் மலாயாவில் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி தொழிலாளரின் கப்பற் கட்டணத்தை முதலாளிமார் தலையில் வைத்தது. கட்டணக் கடன் ஒழிந்தது பெரிய நன்மையே. ஆனால் பாய் விரித்த இடம் மாறவில்லை.

1926-ல் கிளாஸ்கோவிற் கட்டப்பெற்ற ரஜூலா, 8,000 டன்னுக்கு மேற்பட்டது. 5,000-க்கும் மேலான தட்டுப் பிரயாணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. எண்ணிப் பாருங்கள்: ஐயாயிரம் பேர்! எங்கள் கெமாஸ் சந்திப்பில் அத்தனை பேர் ஒருசேர இறங்கினால் நிற்க இடமேது?

என் பாட்டனார் ஒன்பது வயதுப் பிள்ளையாக 1937-ல் ஒரு கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்திற் பெருங்கப்பல் கரையை அணுக இயலாது. அலையில் ஆடும் படகிலிருந்து ஏறினராம். கடலைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. இருள் பிரியுமுன் “எழு, எழு” என்னும் கூச்சலும், மூட்டையைத் தலையிலேற்றி ஈரத் தட்டில் ஒற்றைக் காலில் நின்றதுமே அவர் நினைவில் நின்றன. மரத்துக்கு நன்மை செய்த உப்புநீர் அவர் தங்கையின் காற்புண்ணுக்கு நெருப்பாயிற்று. நண்பகலில் பந்தல் நிழல் எட்டாத ஓரத்தில் கீல் இளகிக் கோரைப்பாயில் ஒட்டிக்கொண்டது. பாயைப் பிய்த்தெடுத்தபோது கரிய கோடுகள் நெடுக விழுந்திருந்தன. அப்பாயைச் சுருட்டிக்கொண்டு இரயிலேறிக் கெமாஸ் வந்து சேர்ந்தனர். லயத்தில் அதன்மேல் நெடுங்காலம் படுத்தனராம். கோடுகள் மட்டும் போகவில்லை.

மறு ஆண்டு, 1938-ல், உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் தடுத்தது. போர்க்காலத்தில் இக்கப்பல்கள் படைவீரரைச் சுமந்தன. ரஜூலாவின் உடன்பிறப்பான ரோனா 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் எறிந்த குண்டினால் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரரும் இந்தியக் கலாசிகள் பலரும் மாண்டனர். ரஜூலா மீண்டும் நம்மவரைச் சுமந்து, 1974-ல் உடைக்கப்பட்டது. அதன் வழியில் வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அப்பயணமும் ஓய்ந்தது.

ஆசாரி மூன்றாம் நாள் வேலையை முடித்தார். எண்ணெய் காயும்வரை ஒருவரும் மிதியாதபடி தாழ்வாரத்தின் குறுக்கே கயிறு கட்டிச் சென்றார். அன்று சம்பளம் வாங்க வந்த தொழிலாளர் மழையில் முற்றத்திலேயே நின்றனர். நான் எழுந்து சென்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.