சேர்த்தலைக் குளங்களும் வீங்கிய கால்களும்

கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குளம் இருந்தது. தாழ்ந்த நிலத்தை மேடாக்க மண் வெட்டினார்கள். வெட்டிய பள்ளத்தில் நீர் நின்றது. அதில் ஆகாயத்தாமரையை வளரவிட்டு, அள்ளியெடுத்துத் தென்னைக்கு உரமாகப் போட்டார்கள். யானைக்கால் நோய் அந்தச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டுதான் ஊருக்குள் பரவியது.

இந்நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு, மூச்சு விட நீர்மட்டத்துக்கு வருவதில்லை. வேரைத் துளைத்து, அதிலுள்ள காற்றையே உறிஞ்சி வாழும். 1930களில் திருவிதாங்கூரில் இந்நோயை ஆராய்ந்தவர் எம்.ஓ.டி. ஐயங்கார். செடியை அகற்றினால் கொசு குறையும், சரி. கையிலிருக்கும் உரத்தை விவசாயி எப்படி விடுவார்?

1980களில் புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதற்கு வழி கண்டது: களையை எடுத்த குளத்தில் மீன் வளர்ப்பு. மக்களின் பிழைப்பையும் கணக்கில் எடுத்ததுதான் இத்திட்டத்தின் மேன்மை.

ஏற்கெனவே வீங்கிய காலுக்கு?

உடலுக்குள் நோயை உண்டாக்கும் யானைக்கால் புழு செத்த பிறகும் சிதைந்த நிணநாளங்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. விரலிடுக்கு வெடிப்பு வழியே கிருமி நுழைந்தால் குளிர்காய்ச்சல் வரும், கால் நெருப்பாய்க் கொதிக்கும். ஒவ்வொரு முறையும் வீக்கம் கூடும். ஆகவே தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஈரம் போக ஒற்றியெடுக்க வேண்டும். படுக்கும்போது கால் உயர்ந்திருக்க வேண்டும். காசர்கோட்டில் 1999இல் தொடங்கிய தோல் மருத்துவ நிறுவனம் இவற்றோடு ஆயுர்வேதம், யோகா, அழுத்தக்கட்டு ஆகியவற்றையும் சேர்த்தது. கட்டுப் போடும் முறையை வீட்டாருக்கும் அங்கே கற்றுத் தருகிறார்கள்.