டி.என்.ஏ.வுக்கு வழி தெரிந்தது எப்படி?



மருந்து உடம்புக்குள் போய்விடும். நோயுள்ள செல்லுக்கு மட்டும் எப்படிப் போகும்? கீமோ எடுத்தவர்களுக்கு முடி கொட்டுவது இந்தச் சிக்கலால்தான். இதற்கு டி.என்.ஏ. வழியாக விடை தேடிய வரலாறு சுவையானது.

1982இல் அமெரிக்கப் படிகவியல் அறிஞர் நெட் சீமன், டி.என்.ஏ.வைக் கொண்டு உருவங்களைக் கட்டலாம் என்று எழுதினார். பத்தாம் வகுப்பில் படித்தோமே, அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் சேரும் என்று, அந்தச் சேர்க்கைதான் அவருக்குச் சாந்து. 1991இல் அவர் ஆய்வகத்தில் டி.என்.ஏ.வாலேயே ஒரு கனசதுரம் செய்தார்கள்.

அதை உயிருள்ள செல்லுக்குள் வேலை செய்ய வைத்தவர்களில் முக்கியமானவர் யமுனா கிருஷ்ணன். கேரளத்தில் பிறந்தவர், வேதியியல் பட்டம் படித்தது சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அவர் குழு, அமிலத்தன்மை கூடினால் மடங்கி ஒளிநிறம் மாறும் டி.என்.ஏ. கருவி ஒன்றைச் செய்தது. 2009இல் செல்களுக்குள் சோதித்தார்கள். 2011இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உயிருள்ள புழுவுக்குள் செலுத்தினார்கள்.

அந்தப் புழுவின் உடலில் ஆறு துப்புரவு செல்கள் உண்டு. எதிர்மின்சுமை கொண்ட பொருள்களைப் பற்றி உள்ளே இழுக்கும் ஏற்பிகள் அவற்றின் மேல் இருக்கின்றன. டி.என்.ஏ.வுக்கு இயல்பிலேயே எதிர்மின்சுமை. எனவே முகவரி ஒட்டாமலே கருவி அந்தச் செல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உயிருள்ள புழுவின் செல்லுக்குள் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளக்க முடிந்தது.

2013இல் அவருக்குப் பட்நாகர் விருது. 2014 முதல் சிகாகோ பல்கலைக்கழகம். நம் உடலிலும் எலியிலும் இதே துப்புரவு வேலையைச் செய்வது மேக்ரோஃபேஜ் செல்கள். புற்றுக்கட்டிக்குள் இருக்கும் மேக்ரோஃபேஜ்களுக்கு டி.என்.ஏ. வழியே ஒரு மருந்தை அனுப்பியபோது எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. 2021இல் அந்த ஆய்வு வெளியானது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அந்த எலிகளிலும், வழக்கமான கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் கட்டி சுருங்கி, அப்படியே நீடித்தது. ஆகவே "டி.என்.ஏ. ரோபோ வந்துவிட்டது, கீமோ வேண்டாம்" என்று யாராவது செய்தி அனுப்பினால் நம்பாதீர்கள். திட்டக்குடியிலிருந்து புதுச்சேரிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஒரு தவணையையும் விட்டுவிட வேண்டாம்.

வேதியியல் படிக்கத் தயங்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.