மனநோயும் ஒரு வேரின் வரலாறும்

உடலுக்குக் காய்ச்சல் கண்டால் அண்டை வீட்டாரிடம் சொல்லி ஆறுதல் பெறுகிறோம். உள்ளத்திற்கு நோய் கண்டாலோ கதவைச் சாத்திக்கொள்கிறோம். பேய் என்றும், சாபம் என்றும், முன்வினை என்றும் கூறி நோயாளியைக் கட்டிவைத்த காலம் நெடிது. அக்கட்டு அவிழ்ந்த வரலாற்றில், நாம் குடியேறி வாழும் இக்கொல்கத்தா மாநகருக்கும் பங்குண்டு. அதனை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

சர்ப்பகந்தா என்பது நம் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு சிறு செடி. அதன் வேரைப் பீகார் மக்கள் 'பைத்திய மருந்து' என்றே வழங்கி வந்தனர். இவ்வேர் சித்தப் பிரமையையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதைக் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இந்நகர மருத்துவர் இருவர் 1931-இல் கட்டுரையாக வெளியிட்டனர். மேலை நாடுகள் அன்று அதனைப் பொருட்படுத்தவில்லை. இரத்த அழுத்தத்திற்கு இது பயன்படுவதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதிய பின்னரே அவை விழித்துக்கொண்டன. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர விஞ்ஞானிகள் இவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் வேறொரு மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்தினர். 1954-இல் நியூயார்க்கில் நாதன் கிளைன், ரெசர்பினால் மனநோயாளிகள் அடைந்த நலத்தை எடுத்துரைத்தார்.

ரெசர்பின் மூளையிலுள்ள செரோட்டோனின் முதலிய இரசாயனப் பொருள்களைக் குறைப்பது விரைவில் தெரியவந்தது. அதனை உண்டோர் சிலருக்கு மனச்சோர்வு மேலிட்டதும் காணப்பட்டது. உள்ளத்தின் நிலைக்கும் மூளையின் இரசாயனத்திற்கும் தொடர்புண்டு என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. வேறு மருந்துகள் பெருகவே மனநோய் மருத்துவத்தில் ரெசர்பின் பின்தங்கிற்று. ஆயினும் அது திறந்துவிட்ட ஆராய்ச்சி நிற்கவில்லை.

மருந்து மட்டும் போதுமோ? 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளியின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் 1957 முதல் குடும்பத்தாரை உடன் தங்கவைத்தது. உறவினர் நோயின் தன்மையை உணர்ந்தனர். நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் துணிவும் பெற்றனர்.

இத்துணை அறிவு வளர்ந்த பின்னும், 2001-இல் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். தமிழராகிய நாம் தலைகுனிய வேண்டிய நிகழ்ச்சி இது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. ஆனால், வெட்கத்தால் நோயை மறைக்கும் வழக்கத்தைச் சட்டம் மாற்றிவிடாது. நாமே மாற்ற வேண்டும். ஊரையும் உற்றாரையும் விட்டு வந்த நமக்கு இக்குடியிருப்பில் உள்ளோரே உற்றார். துன்புறும் வீட்டின் கதவைத் தட்டுவோம். நம் வீட்டில் துன்பம் வந்தால் கதவைத் திறந்துவைப்போம். காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுவோம்.