ஆணி இல்லாத கட்டில்



சென்ற மாதம் வீடு மாறிய ஒரு குடும்பம், பழைய தேக்குக் கட்டில் ஒன்றைக் குப்பைத்தொட்டி அருகே விட்டுச் சென்றது. பழைய சாமான் வாங்குபவர், "விறகுக்குத்தான் சார் ஆகும்" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு இரும்பாணிகூட இல்லை. சட்டத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி, காலில் துளையிட்டுச் செருகி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்திருந்தார்கள். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரும்பாணி துருப்பிடித்துத் தளரும். மூங்கில் ஆணி மரத்தோடு இசைந்து கொடுக்கும்.

உளி, கொட்டாப்புளி, ரம்பம், துரப்பணம், இழைப்புளி. இவ்வளவுதான் அந்தக் காலத் தச்சரின் சொத்து. இதில் இழைப்புளிக்கு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரிலேயே இழைப்புளிகள் கிடைத்துள்ளன. சாய்வாகச் செருகிய தகடு, அதை இறுக்க ஓர் ஆப்பு. தகட்டை ஏற்றி இறக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு கைக்குத்தான் தெரியும். 1860களில் அமெரிக்கரான லெனர்ட் பெய்லி, திருகாணியால் தகட்டை நகர்த்தும் முறையைக் கொண்டுவந்தார். 1869இல் ஸ்டான்லி நிறுவனம் அந்த உரிமையை வாங்கியது.

அதற்கு முன்பே மரவேலைக்கு இயந்திரம் வந்துவிட்டது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் மரக் கப்பிகள் செய்ய மார்க் புரூனல் இயந்திரங்களை வடிவமைத்தார். 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். மீதி 100 பேர் என்ன ஆனார்கள்? வங்கிக்குக் கணினி வந்தபோது பேரேடு எழுதிய எங்களுக்கும் இதே கேள்விதான்.

கடன் பிரிவில் நான் இருந்தபோது, ஒரு தச்சர் மின்சார இழைப்பு இயந்திரத்துக்குக் கடன் வாங்கினார். தவணை தவறாமல் கட்டினார். மகள் கல்யாணமும் அந்த வருமானத்தில்தான் நடந்தது. பல வருடம் கழித்துப் பார்த்தபோது, "பையன் மெஷின்ல நல்லா இழைக்கிறான் சார். உளி தீட்டத்தான் தெரியல" என்றார். அவர் கடன் மனுவை நிரப்பிக் கொடுத்தவன் நான். இயந்திரம் வேண்டாம் என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த வார்த்தை மனதில் நிற்கிறது.

இப்போது கணினி சொல்லும் பூ வேலைப்பாட்டை இயந்திரமே செதுக்குகிறது. நூறு கதவுகள் செய்தாலும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் சுழலும் அலகு வட்டமானது; உள்மூலையைக் கூராக வெட்ட அதனால் முடியாது. அங்கே இன்றும் உளிதான்.

கட்டிலுக்கு வருகிறேன். தளர்ந்த ஒரு மூங்கில் ஆணியை மாற்றி, செயலாளர் சம்மதத்துடன் காவலாளி அறையில் போட்டாயிற்று. மரச்சாமானுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் எழுதிப் பழகியவன் நான். இந்தக் கட்டிலுக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை.

பழைய மரச்சாமானைக் கழிக்குமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஆணி இல்லையென்றால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.