அணுக்கருவும் தனிமங்களின் காந்தப்பண்பும்

தனிமங்களின் காந்தப்பண்பு என்பது ஒரு தனிமம் காந்தப்புலத்தில் வைக்கப்படும்போது ஈர்க்கப்படுவதையோ, விலக்கப்படுவதையோ, தானே காந்தமாக மாறுவதையோ குறிக்கும். இப்பண்புக்கு அணுக்கருவின் அமைப்பே காரணமாக இருக்கலாம் என்னும் எண்ணம் மாணவரிடையே எழுவதுண்டு. அணுவின் நிறையில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் அணுக்கருவில் அடங்கியிருப்பதால் அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும் இரும்பு, கோபால்ட்டு, நிக்கல் ஆகியவற்றின் வலுவான காந்தத்தன்மை எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னிகளால் உண்டாவதாகும். அணுக்கருவுக்கும் சொந்தமாக ஒரு காந்தத்தன்மை உண்டு. அது மிகவும் நலிவானது. ஆனால் அளந்தறியக் கூடியது.

தண்டவாளமும் உப்பும்

விழுப்புரம் மாவட்டத்தில் காணக்கூடிய இரு பொருள்களைக் கொண்டே இதனைத் தெளிவாக்கலாம். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி, மயிலாடுதுறைத் தடங்கள் கூடும் விழுப்புரம் சந்திப்பின் தண்டவாளத்தில் ஒரு காந்தத்தை வைத்தால் அது இறுகப் பற்றிக்கொள்ளும். தண்டவாள எஃகு பெரும்பாலும் இரும்பால் ஆனது. இயற்கையில் கிடைக்கும் இரும்பில் நான்கு ஓரிடத்தான்கள் உள்ளன: இரும்பு-54 (5.8%), இரும்பு-56 (91.8%), இரும்பு-57 (2.1%), இரும்பு-58 (0.3%). இவற்றுள் இரும்பு-57 தவிர்ந்த மூன்றிலும் நேர்மின்னிகள் (புரோட்டான்கள்), நொதுமிகள் (நியூட்ரான்கள்) ஆகிய இரண்டும் இரட்டைப்படை எண்ணிக்கையில் உள்ளன. அவை இணை இணையாகச் சேர்ந்து ஒன்றன் தற்சுழற்சியை மற்றொன்று ஈடுசெய்வதால், அவ்வணுக்கருக்களின் காந்தத் திருப்புத்திறன் சுழியமாகும். அதாவது தண்டவாளத்திலுள்ள இரும்பு அணுக்கருக்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு சிறிதும் காந்தமற்றவை.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை கடலை நெருங்கும் இடத்தில் மரக்காணம் உப்பளங்கள் உள்ளன. உப்பு என்பது சோடியம் குளோரைடு. சோடியத்திற்கு இயற்கையில் சோடியம்-23 என்னும் ஒரே ஓரிடத்தான்தான் உண்டு. குளோரினுக்கு 35, 37 என இரண்டு. இம்மூன்று அணுக்கருக்களுமே காந்தத் திருப்புத்திறன் உடையவை. ஆயினும் உப்புப் படிகம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. மாறாக, மிகச் சிறிதளவு விலக்கப்படுகிறது. ஆக, அணுக்கருக்கள் காந்தமற்ற இரும்பு காந்தத்தைப் பற்றுகிறது. அணுக்கருக்கள் எல்லாம் காந்தமான உப்பு பற்றவில்லை. அணுக்கரு அமைப்பே காரணம் எனக் கொண்டால் இதற்கு நேர்மாறாக நிகழ வேண்டும்.

வீட்டிலுள்ள எவர்சில்வர் பாத்திரமும் இங்கு ஒரு சான்று. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த அவ்வுலோகத்தில் மிகுதியும் இரும்பே. அணுக்கருக்களும் தண்டவாளத்தில் உள்ளவையே. எனினும் காந்தம் அதில் ஒட்டுவதில்லை. அங்கு மாறியிருப்பது அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறையும் அதனால் எதிர்மின்னிகளின் நிலையுமே.

எதிர்மின்னிகளின் பங்கு

ஒரு துகளின் காந்தத் திருப்புத்திறன் அதன் நிறைக்கு எதிர்விகிதத்தில் அமையும். நேர்மின்னி எதிர்மின்னியைவிட 1836 மடங்கு நிறை மிகுந்தது. ஆதலால் எதிர்மின்னிக்குரிய அளவான போர் மேக்னெட்டானைவிட அணுக்கருவுக்குரிய அணுக்கரு மேக்னெட்டான் 1836 மடங்கு சிறியது. உலோக இரும்பில் ஒவ்வோர் அணுவுக்கும் ஏறத்தாழ 2.2 போர் மேக்னெட்டான் உள்ளது. அண்டை அணுக்களின் தற்சுழற்சிகளை ஒரே திசையில் நிறுத்துவது பரிமாற்ற இடைவினை என்னும் குவாண்டம் விளைவு என்பதை ஐசன்பர்க் 1928-இல் விளக்கினார். இவ்வொழுங்கு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் குலைந்துவிடும். இரும்புக்கு அது 770 பாகை செல்சியசு. கடோலினியத்திற்கோ 20 பாகை மட்டுமே. விழுப்புரத்தின் நண்பகலில் கடோலினியம் அயக்காந்தமாக இருக்க வாய்ப்பில்லை!

அணுக்கருவுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எத்தனை எதிர்மின்னிகள் இருக்கவேண்டும் என்பதை முடிவுசெய்வது அதன் மின்னூட்டமே. நிக்கலில் 28 நேர்மின்னிகள், செம்பில் 29. அந்த ஒன்று கூடியதும் 3d கூடு நிரம்பி அயக்காந்தம் மறைகிறது. ஆனால் நேர்மின்னிகளும் நொதுமிகளும் உள்ளே எவ்வாறு அமைந்துள்ளன என்பது இதில் பொருட்டன்று.

இத்துறையில் தமிழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனின் (1898–1961) பணி குறிப்பிடத்தக்கது. வத்திராயிருப்பில் பிறந்த இவர், டாக்காவிலும் பின்னர் கல்கத்தாவிலும் 1930-களில் படிகங்களின் காந்தப்பண்பை ஆராய்ந்தார். மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டு, இழையை முறுக்கி, படிகம் திடீரெனத் திரும்பும் கோணத்தை அளப்பது இவர் கையாண்ட முறை. கிராஃபைட்டின் காந்தப்பண்பு அதன் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் மிகுந்தும் இணையான திசையில் குறைந்தும் இருப்பதை இவர் குழு ஆராய்ந்தது. ஒரே கரி அணுக்கரு திசைக்குத் திசை வேறு காந்தம் காட்டாது. வேறுபாடு எதிர்மின்னிகளின் இயக்கத்தைச் சார்ந்தது.

அணுக்கருவின் சொந்தக் காந்தம்

அணுக்கரு அமைப்பு உண்மையில் விளக்குவது அணுக்கருவின் சொந்தக் காந்தத் திருப்புத்திறனையே. நேர்மின்னியின் மதிப்பு 2.793 அணுக்கரு மேக்னெட்டான். நொதுமியின் மதிப்பு −1.913. மின்னூட்டமே இல்லாத நொதுமிக்குக் காந்தம் இருப்பது அது அடிப்படைத் துகளன்று, உள்ளே குவார்க்குகள் உள்ளன என்பதற்கான அடையாளம்.

இணையுறாத கடைசித் துகளே அணுக்கருவின் காந்தத்தை முடிவுசெய்கிறது எனக் கொண்டு 1937-இல் சிமித் இரு எல்லை மதிப்புகளைக் கணித்தார். 1949-இல் மரியா கோப்பெர்ட் மேயரும், தனியே யென்சன் குழுவினரும் முன்வைத்த கூடு மாதிரி இதற்கு உறுதியான அடிப்படை தந்தது. அளந்த மதிப்புகள் பெரும்பாலும் சிமித்தின் இரு எல்லைகளுக்கிடையே விழுகின்றன. எல்லையின்மேல் சரியாக அமைவன சிலவே. மரக்காணத்து உப்பிலுள்ள சோடியம்-23 கூட எளிய கூடு மாதிரிக்கு அடங்குவதில்லை. அம்மாதிரிப்படி தற்சுழற்சி 5/2 ஆக இருக்கவேண்டும்; அளந்து கண்டதோ 3/2. அவ்வணுக்கரு கோள வடிவிலிருந்து நீண்டு உருத்திரிந்திருப்பதே காரணம்.

இந்நலிந்த காந்தங்கள் தாமாகவே ஒழுங்குபட வேண்டுமாயின் அளவுகடந்த குளிர் தேவை. செம்பின் அணுக்கருக்கள் அவ்வாறு ஒழுங்குபடுவதை எல்சிங்கி ஆய்வாளர்கள் 1980-களில் கண்டனர். அதற்குரிய வெப்பநிலை 58 நானோகெல்வின், அதாவது ஒரு கெல்வினின் நூறு கோடியில் 58 பங்கு. அவ்வொழுங்கும் அண்டைக் காந்தங்கள் எதிரெதிராக நிற்கும் வகையே.

பயன்பாடு

புறக் காந்தப்புலமும் வானொலி அலையும் கொண்டு அணுக்கருக் காந்தங்களை அறிவது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. ராபி இதனை 1938-இல் மூலக்கூற்றுக் கற்றைகளிலும், பர்செல், பிளாக் ஆகியோர் 1946-இல் தனித்தனியே திண்ம, நீர்மப் பொருள்களிலும் நிகழ்த்தினர். மருத்துவத்தில் வழங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உடலிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கருக்களைக் கொண்டே படம் பிடிக்கிறது. 1.5 டெசுலா புலத்தில் அவை ஏறத்தாழ 64 மெகாகெர்ட்சில் ஒத்ததிர்கின்றன. அப்புலத்திலும் பத்து இலட்சம் அணுக்கருக்களில் ஐந்தளவே ஒரு திசையில் மிகுதியாக நிற்கும். படம் முழுவதும் அந்தச் சிறு மிகுதியிலிருந்தே பெறப்படுகிறது. ஓடும் நீர்மத்தில் இக்குறிப்பலை எவ்வாறு மாறுகிறது என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் ஆராய்ந்து 1951-இல் வெளியிட்டார்.