தறிக்குழியில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்

உங்கள் வீட்டு பீரோவில் காஞ்சிபுரம் பட்டுச்சேலை ஒன்று இருக்கிறதா? கோர்வை போட்ட சேலையாக இருந்தால் ரொம்ப விசேஷம். எடுத்து, கரையும் உடலும் சேர்கிற இடத்தைத் திருப்பிப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவில் தையல் கிடையாது, ஒட்டு கிடையாது. ஆனால் இழுத்தால் பிரியாது. சேலை கிழிந்தாலும் கிழியுமே தவிர கரை தனியாக வராது என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார்.

சூட்சுமம் இதுதான். தறியில் ஓடுவது ஒரு நாடா அல்ல, மூன்று. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் தலா ஒன்று. ஒவ்வொரு வரியிலும் உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. நெசவாளி உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஓர் உதவியாளும் இருந்தாக வேண்டும்.

இதற்கு முன்னால் நடக்கிற வேலைகளைக் கணக்கெடுத்தால் மூச்சு முட்டும். பட்டு கர்நாடகத்திலிருந்து வரவேண்டும். ஜரிகைக்கு சூரத்தைப் பார்க்க வேண்டும். முறுக்கேற்றி, சாயம் தோய்த்து, பாவு விரித்து, அச்சில் கோத்து, ஜக்கார்டு பெட்டியில் அட்டை மாட்டி, அப்புறம்தான் முதல் மிதி. எவ்வளவு பட்டு வாங்கினோம், எவ்வளவு சேதாரம், எந்த இழை அறுந்தால் எங்கே முடிச்சு, எத்தனை நாளில் சேலை இறங்கும், எல்லாக் கணக்கும் ஒரே மனிதரின் தலைக்குள் இருக்கும்.

இந்தச் சங்கதிக்கு இன்றைய காலேஜ்களில் ஒரு பெயர் உண்டு. மேனுஃபேக்சரிங் இன்ஜினீயரிங். தமிழில் உற்பத்திப் பொறியியல். பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மூலப்பொருள் உள்ளே, சரக்கு வெளியே, நடுவில் எவ்வளவு போச்சு என்பது எங்கள் ஏரியாவும்தான்.

கேள்வி என்னவென்றால், இந்த வித்தையை எங்கே கற்றுக்கொள்வது? வகுப்பறையிலா, பட்டறையிலா? இந்தச் சண்டைக்குத் தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

முதலில் வகுப்பறை. கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியின் வேர் 1794-ல் இருக்கிறது. அந்த வருஷம் சென்னையில் ஒரு சர்வே பள்ளி ஆரம்பித்தார்கள். நிலம் அளக்கக் கம்பெனிக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிறகு ரோடு, பாலம், அணை கட்ட ஆள் வேண்டியிருந்தது. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் அங்கே படிப்பாக நுழைந்தபோது வருஷம் 1894. சரியாக நூறு வருஷ இடைவெளி! நிலத்தை அளக்கிற அவசரம் பொருளைச் செய்கிற விஷயத்தில் சர்க்காருக்கு இல்லை.

அந்தக் கல்லூரிக்கு 1888-ல் பேராசிரியராக வந்தவர்தான் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். இங்கிலாந்துக்காரர். பாடம் நடத்தினோமா, சம்பளம் வாங்கினோமா என்று இருந்திருக்கலாம். மனுஷருக்குக் கை சும்மா இருக்கவில்லை. 1898-ல் சென்னை ஓவியப் பள்ளிக்கூடத்தின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். அப்போது அலுமினியம் நம் ஊருக்குப் புத்தம்புது உலோகம். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கைகளுக்கு அதைப் பழக்கினார். பாத்திரம் விற்றது. லாபமும் வந்தது. சில வருஷங்களில் ஒரு தனியார் கம்பெனி அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டது. சாட்டர்டனுக்கு வேண்டியதும் அதுதான். சர்க்கார் செய்து காட்ட வேண்டும், ஜனங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அவர் கை வைத்தது நெசவில். 1733-லேயே இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்துவிட்டார். கயிறை இழுத்தால் நாடா தானாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாயும். கையால் எறிந்து பிடிப்பதைவிடப் பல மடங்கு வேகம். நம் நெசவாளிகள் பெரும்பாலும் அப்போதும் கையால்தான் எறிந்துகொண்டிருந்தார்கள். சாட்டர்டன் 1906-ல் சேலத்தில் ஒரு கைத்தறித் தொழிற்கூடமே திறந்தார். புதுத் தறி, ஒரே கூரை, ஒழுங்கான வேலை நேரம், கூலி.

என்ன ஆச்சு? தறி ஓடியது. நெசவாளிகள்தான் சரியாக வரவில்லை!

வீட்டுத் தறியில் பெண்டாட்டி நூல் சுற்றுவாள், பெரியவர் பாவு பார்ப்பார், பிள்ளை நாடா எடுத்துக் கொடுப்பான். குடும்பமே ஒரு தொழிற்சாலை. அதில் ஒருவரை மட்டும் கிளப்பிக்கொண்டு போய், மணி அடித்ததும் உட்கார், மணி அடித்ததும் எழுந்திரு என்றால்? சேலத்துத் தொழிற்கூடம் 1910-ல் மூடப்பட்டது. ஆனால் பறக்கும் நாடா நிற்கவில்லை. சென்னை மாகாணத்தில் பருத்தி நெய்கிற ஊர்களில் அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கருவியை ஏற்றுக்கொண்டார்கள், கட்டடத்தை வேண்டாமென்றார்கள்.

காஞ்சிபுரத்துக் கோர்வைத் தறிக்கோ அந்தக் கருவியே சரிப்படவில்லை. மூன்று நாடா கோத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒரு நாடா பறந்து என்ன பிரயோஜனம்? கோர்வை கையிலேயே நின்றது.

இதற்குள் சாட்டர்டனுக்கு மேலிடத்தில் வேறு தலைவலி. 1908-ல் உதகமண்டலத்தில் நடந்த தொழில் மாநாட்டைத் தொடர்ந்து, சென்னை மாகாணத்தில் தொழில் துறை என்று ஒரு தனி இலாகா உண்டானது. அதற்கு அவர்தான் டைரக்டர். இங்கிருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. சர்க்காரே பட்டறை வைத்துத் தொழில் பழக்கினால் தங்கள் பிழைப்பு என்னாவது என்று முறையிட்டார்கள். லண்டனில் இந்திய மந்திரியாக இருந்தவர் மார்லி பிரபு. 1910-ல் உத்தரவு வந்தது. சர்க்கார் தொழிலைச் சொல்லிக் கொடுக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தொழில் நடத்திக் காட்டக் கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சொல்லிக் கொடு, செய்து காட்டாதே. நீச்சல் கற்றுக்கொடு, ஆனால் கிணற்றுப் பக்கம் போகாதே என்பது மாதிரி. இலாகா கலைக்கப்பட்டது. 1912-ல் சாட்டர்டன் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார்.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. கப்பல் வரத்து சுருங்கியதும் சர்க்காருக்கு ஞானம் பிறந்தது. சென்னையில் தொழில் துறை 1914-ல் திரும்ப உயிர் பெற்றது. 1916-ல் மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூல் தொடங்கியது. இன்றைக்குத் தரமணியில் இருக்கும் மத்திய பாலிடெக்னிக்கின் ஆரம்பம் அதுதான். அதே வருஷம் அமைந்த இந்தியத் தொழில் கமிஷனில் சாட்டர்டனும் ஓர் உறுப்பினர். மெக்கானிக்கல் இன்ஜினீயரை ஒர்க்‌ஷாப்பில் வைத்துத்தான் உருவாக்க வேண்டும், பாடத்தை ஒர்க்‌ஷாப்போடு சேர்த்துத் தரவேண்டும் என்று கமிஷன் 1918-ல் சொன்னது. நூறு வருஷம் தாண்டியும் நாம் இதையே ஏதோ புதுசு போலப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, காஞ்சிபுரம்? அங்கே எந்தக் கமிஷனும் இல்லாமல் பட்டறைப் படிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிக்குழிதான் வகுப்பறை. அப்பாவோ மாமாவோ வாத்தியார். நூல் சுற்றுவதில் தொடங்கி, நாடா எடுத்துக் கொடுத்து, கோர்வை பழகி, கடைசியில் தனித் தறி. சிலபஸ் கச்சிதமாகத்தான் இருந்தது.

அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள். அந்தக் காலேஜில் அட்மிஷன் பெரும்பாலும் பிறப்பை வைத்துத்தான். மாணவனுக்கு வயது எட்டோ பத்தோ. கோர்வைக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்றேனே, பல வீடுகளில் அந்த இரண்டாவது ஆள் ஒரு குழந்தை. சொந்தக் குழந்தை இல்லாவிட்டால், பெற்றவர்களுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வந்த அடுத்த வீட்டுக் குழந்தை. முன்பணம் தீருகிறவரை தறியை விட்டு எழ முடியாது. இதற்குப் பெயர் படிப்பு இல்லை. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-ல் வந்தது. ஆனால் சொந்தக் குடும்பத்துத் தொழிலுக்கு அதில் விலக்கு இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

குழந்தைகள் தறியிலிருந்து எழுந்து பள்ளிக்குப் போனார்கள். போக வேண்டியதுதான். அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் அந்த வித்தையை வளர்ந்த பிறகு கற்றுக்கொள்ள ஒரு கௌரவமான வழியை நாம் போட்டு வைத்தோமா? அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சாட்டர்டன் கைவிட்ட அதே சேலத்தில், 1960-ல் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் வந்தது. அங்கே மூன்று வருஷ டிப்ளமோ. நாடு முழுக்க 1950 முதல் ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம். தொழிற்சாலைகள் பயிற்சியாளர்களை எடுத்தாக வேண்டும் என்று 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம். பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் அதில் சேர்த்தது 1973-ல். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-ல் கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்துவிட்டது. கற்றுத்தரும் முறைக்கு?

இதற்குள் பக்கத்தில் வேறொரு உலகம் முளைத்திருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாயின் முதல் கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. பிறகு ஒரகடம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்துக் கம்பெனி பஸ் ஏறினார்கள். மாதச் சம்பளம், ஃபேன் காற்று, யூனிஃபார்ம். யார் குறை சொல்ல முடியும்? ஆனால் 2014-ல் நோக்கியா ஆலை மூடியபோது ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். லைனில் ஒரே ஒரு வேலையை மட்டும் பழகியவருக்கு, அந்த லைன் நின்றால் கையில் மிஞ்சுவது என்ன? முழுப்பொருளைச் செய்யத் தெரிவதற்கும் ஒரு துண்டு வேலை தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் உறைக்கும்.

காஞ்சிபுரம் பெயரில் ஒரு பெரிய காலேஜும் உண்டு. 2007-ல் மத்திய அரசு தொடங்கிய ஐ.ஐ.ஐ.டி.டி.எம். காஞ்சிபுரம். கடைசி இரண்டு எழுத்துக்கு விரிவு டிசைன், மேனுஃபேக்சரிங். 2014-ம் வருஷச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம். கேட்கவே ஜோராக இருக்கிறது அல்லவா? ஆனால் அது இருப்பது வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில். 2019-ல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு அது செங்கல்பட்டு மாவட்டம். பெயர் மட்டும் காஞ்சிபுரத்தில் நிற்கிறது.

வெளிநாட்டில் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள்? ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில், 1974-ல் ஒரு புதுமாதிரிக் கல்லூரி ஆரம்பித்தார்கள். பையன் முதலில் ஒரு கம்பெனியில் சேரவேண்டும். கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் ஒர்க்‌ஷாப், திரும்ப வகுப்பு. படிக்கிற காலம் முழுக்கக் கம்பெனி சம்பளம் தரும். போஷ், டெய்ம்லர் மாதிரி ஜாம்பவான்கள் ஆரம்பத்திலேயே கூட்டு. 2009-ல் அது பல்கலைக்கழக அந்தஸ்தே பெற்றுவிட்டது. பட்டம் வாங்கியவனை அங்கே யாரும், “கையில் கிரீஸா?” என்று கேட்பதில்லை.

நம் ஊரிலும் அந்தப் பாதைக்கு ஒரு கதவு திறந்தார்கள். யு.ஜி.சி. 2014-ல் கொண்டுவந்த பி.வொக். பட்டம். பாடத்தில் அறுபது சதவிகிதம் தொழில் திறன், நாற்பது சதவிகிதம் பொதுக்கல்வி. ஒரு வருஷத்தில் நிறுத்தினால் டிப்ளமோ, இரண்டு வருஷத்தில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்று வருஷத்தில் பட்டம். எந்தப் பட்டமானாலும் போதும் என்கிற போட்டித் தேர்வுகளுக்கு இதுவும் செல்லும். உற்பத்தித் தொழில்நுட்பத்திலும் இந்தப் பட்டம் உண்டு. ஆனால் பெயரைச் சொன்னாலே, “அது பி.இ. இல்லையா?” என்று உதடு பிதுக்குகிறோம். சர்டிஃபிகேட்டுக்கு ஒரு மரியாதை, கைக்கு ஒரு மரியாதை என்று மார்லி பிரபுவின் உத்தரவை நம் வீட்டு ஹாலில் நாமே அமல்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

பி.வொக்.கில் சேர்த்தால் எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. ஒர்க்‌ஷாப் இல்லாத காலேஜில் அந்த அறுபது சதவிகிதமும் கரும்பலகையில்தான் நடக்கும். ஆகவே அடுத்த மே மாதம் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ காலேஜ் தேடிப் போகும்போது, கேம்பஸில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டு முடித்ததும் இன்னொன்றும் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் இவன் மெஷின் முன்னால் நிற்பான்? எந்தக் கம்பெனியில், எத்தனை மாதம்? கற்றுத்தருகிறவர் எதையாவது செய்து விற்றிருக்கிறாரா?

பதில் சொல்லத் தடுமாறினால், ஃபீஸ் கட்டும் முன் இன்னும் இரண்டு காலேஜ் ஏறி இறங்கிப் பாருங்கள்.