குருந்தம்: சேகரிப்பாளர் பேழைக்குள் சென்ற ஒரு தொழிற்சொல்

கனிமவியல் பாடநூல்கள் வைரத்திற்கு அடுத்த கடினத்தன்மை உடையதாகக் குறிப்பிடும் கனிமம் ‘கொரண்டம்’. அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த படிகம் அது. தூய நிலையில் நிறமற்றது. சிறிதளவு குரோமியம் கலந்தால் அது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். நிறமும் ஒளியும் குன்றிய பருக்கன் கல்லாகக் கிடைத்தால் சாணைக்கும் மெருகுக்கும் உரிய பொடி. சொல்லின் ஈற்றைக் கண்டு இதனை இலத்தீன் என்று கருதுவோர் பலர். உண்மையில் இது தமிழில் குருந்தம் என்றும் தெலுங்கில் குருவிந்தம் என்றும் வழங்கும் தென்னிந்தியச் சொல். சோழமண்டலக் கரையின் கல்தொழிலாளர் வாயில் புழங்கிய ஒரு சொல் உலக அறிவியலின் கலைச்சொல்லானது எவ்வாறு? அதற்கான விடை பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கனிமச் சேகரிப்பாளர்களின் பேழைகளில் இருக்கிறது.

ஐரோப்பியச் செல்வர்களின் தொடக்ககாலச் சேகரங்கள் வியப்புக்காகவும் பெருமைக்காகவும் திரட்டப்பட்டவை. பவளமும் படிகமும் முதலையின் எலும்பும் ஒரே அறையில் இருந்தன. அழகும் அருமையுமே அளவுகோல். இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் ஜான் உட்வர்ட் (1665–1728). இலண்டன் கிரெஷாம் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியராக இருந்த அவர், 1696ஆம் ஆண்டில் ஒரு சிறு வழிகாட்டி நூலை வெளியிட்டார். உலகின் எப்பகுதிக்குச் செல்வோரும் எவற்றைத் திரட்ட வேண்டும், எவ்வாறு எண்ணிட வேண்டும், எடுத்த இடத்தை எவ்வாறு குறிக்க வேண்டும் என்பனவற்றை அது விளக்கியது. ஒரு கல்லுக்கு அதன் இடமே அடையாளம் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. இப்பணியை ஓய்வு நேரங்களில் வேலையாட்களைக் கொண்டே செய்துவிடலாம் என்றும் அந்நூல் கூறியது. கல்லின் இடம் பதிவாக வேண்டும். அதை எடுத்த கை பதிவாக வேண்டியதில்லை. கனிமச் சேகரிப்பின் இவ்விரு மரபுகளும் ஒன்றாகவே தொடங்கின.

உட்வர்டின் சேகரத்தில் ஏறத்தாழ 10,000 மாதிரிகள் இருந்தன. அவை இன்றும் அவருடைய வாதுமைமரப் பேழைகளிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செட்ஜ்விக் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அச்சேகரத்தின் அயல்நாட்டுக் கற்களுக்கு 1720களில் அச்சான பட்டியலில் மதராஸ் பகுதியிலிருந்து சென்ற இரண்டு பதிவுகள் உள்ளன. ஒன்று ‘நெல்ல கொரிவிண்டம்’. மற்றொன்று ‘தெல்ல கொரிவிண்டம்’. முன்னது நெல்வயல்களில் கிடைப்பது என்றும், வயல் எலிகள் வளை தோண்டும்போது மேலே தள்ளுவது என்றும், இரும்பை மெருகிட உதவுவது என்றும் பட்டியல் விளக்குகிறது. பின்னது புனித ஜார்ஜ் கோட்டைப் பகுதியிலிருந்து வந்தது. மாணிக்கத்தையும் வைரத்தையும் மெருகிட உதவுவது. எலிக்கும் அப்பட்டியலில் இடம் கிடைத்தது. எலி தள்ளிய மண்ணிலிருந்து கல்லைப் பொறுக்கியவருக்குக் கிடைக்கவில்லை.

மொழியியல் நோக்கில் இவ்விரு பதிவுகளும் அரியவை. ‘நெல்ல’ என்பதைத் தமிழர் ஒருவர் ‘நல்ல’ என்றே படிக்கக்கூடும். தரமான குருந்தம் என்ற பொருள் பொருத்தமாகவும் தோன்றும். ஆனால் அதன் இணையாக நிற்கும் ‘தெல்ல’ என்னும் அடை தமிழில் பொருள் தராது. தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு; ‘தெல்ல’ என்றால் வெள்ளை. ஆகவே இவை கறுப்புக் குருவிந்தம், வெள்ளைக் குருவிந்தம் எனப்படும் இரு வகைகள் என்று கொள்வதே தகும். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கிய மதராஸில், கல்லைப் பற்றிய செய்தி தெலுங்கு பேசிய ஒருவர் வழியாகவே எழுதுவோரை அடைந்திருக்க வேண்டும். பெயர் பதிவாகாத அவருடைய மொழி இவ்வாறு பதிவாகிவிட்டது.

இப்பதிவுகளுக்குப் பின் நெடுங்காலம் அச்சொல்லை எவரும் பெரிதாகக் கருதவில்லை. 1760களின் பிற்பகுதியில் மதராஸைச் சேர்ந்த மருத்துவர் ஆண்டர்சன், எடின்பரோவில் மணிகளில் உருச்செதுக்கும் வில்லியம் பெர்ரிக்கு ஒரு பெட்டி நிறையப் படிகங்களை அனுப்பினார். வைரம் நீங்கலாக மற்றெல்லா மணிகளையும் மெருகிட இந்தியக் கைவினைஞர் பயன்படுத்தும் பொருள் இது என்ற குறிப்பும் உடன் சென்றது. அதன் கடினத்தன்மையைக் கண்ட வேதியியலாளர் ஜோசப் பிளாக் வைரத்தை நினைவூட்டும் ஒரு பெயரை அதற்குச் சூட்டினார். அப்பெயர் சில காலம் ஐரோப்பா முழுவதும் வழங்கியது. தென்னிந்தியச் சொல் மறைந்து போயிருக்கக்கூடிய கட்டம் அது.

சொல்லை மீட்டவர் மற்றொரு சேகரிப்பாளர். வார்விக் பிரபுவின் மகன் சார்ல்ஸ் கிரெவில் (1749–1809) தம் காலத்தின் மிகச் சிறந்த தனியார் கனிமச் சேகரங்களுள் ஒன்றை உருவாக்கியவர். அழகிய படிகங்களை விரும்பித் திரட்டிய அவர், ஒளியற்ற இந்த இந்தியக் கல்லின் மீதும் தீராத ஆர்வம் கொண்டார். அது எங்கே கிடைக்கிறது, அவ்விடத்தில் அதன் பெயர் என்ன என்பதை அறிய மதராஸில் இருந்த கும்பெனி அதிகாரிகள் வழியாக விசாரித்தார். காவிரியை ஒட்டிய பரமத்தி வட்டாரத்தில் அது வெட்டி எடுக்கப்படுவது தெரியவந்தது. 1798ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் கிரெவில் எழுதிய கட்டுரை, ‘கொரண்டம்’ என்ற பெயரிலேயே அக்கல்லைப் பேசியது. உட்வர்டின் வடிவம் தெலுங்குக் குருவிந்தத்தை ஒட்டியது. கிரெவிலின் வடிவம் தமிழ்க் குருந்தத்தை ஒட்டியது. தமிழின் ‘அம்’ ஈறு இலத்தீன் அஃறிணைப் பெயர்களின் ‘உம்’ ஈற்றோடு எளிதில் இயைந்தது. கடன்சொல் என்ற தடயமே தெரியாதபடி அது அறிவியல் மொழிக்குள் கலந்ததற்கு இவ்வொலி ஒற்றுமையும் ஒரு காரணம் எனலாம்.

கிரெவிலின் சேகரத்தை ஒழுங்குபடுத்தியவர் பிரெஞ்சுப் புரட்சியின்போது இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த பூர்னோன் கோமகன். மாணிக்கமும் நீலமும் ஒரே வகைப் படிகங்கள் என்பதை ரோமே தெ லீல் என்னும் பிரெஞ்சு அறிஞர் முன்பே கண்டிருந்தார். பூர்னோன் ஒரு படி மேலே சென்றார். படிகங்களின் கோணங்களையும் பிளவுகளையும் ஒப்பிட்டு, சாணைக்கு உதவும் பருக்கன் குருந்தமும் அரசர் மகுடத்தில் பதிக்கும் மாணிக்கமும் ஒரே கனிமம் என்று 1802ஆம் ஆண்டில் நிறுவினார். ரிச்சர்ட் செனெவிக்ஸின் வேதியியல் பகுப்பாய்வு அதற்குத் துணைநின்றது. மணிகளை மெருகிட்ட தொழிற்பொருளின் பெயரே மணிகளுக்கும் இனப்பெயரானது. 1810ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 13,727 பவுண்டு செலவிட்டு, 14,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட அச்சேகரத்தைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வாங்கியது. இன்று அது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. வடமொழியில் ‘குருவிந்த’ என்பது மாணிக்கத்தையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடை வீதியை வருணிக்கும்போது, மாணிக்க வகைகளுள் ஒன்றாக ‘விந்தம்’ இடம்பெறுகிறது. அதனைக் குருவிந்தம் என்பர். ஒரே சொல் மணியையும் மெருகுக் கல்லையும் குறித்ததால், பூர்னோன் கண்டதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று கூறத் தோன்றும். அது பிழையான முடிவாகும். மணிநூல்கள் மாணிக்கத்தை நிறத்தாலும் ஒளியாலும் குற்றங்களாலும் பிரித்தன. படிக அமைப்பால் அல்ல. நீலமணி அந்நூல்களில் தனி இனமாகவே நின்றது. இச்சொல் வடசொல்லா தென்சொல்லா என்ற வாதமும் அறிவியல் முன்னுரிமைக்குச் சான்றாகாது.

அதே வேளையில், அறிவு முழுவதும் இலண்டனில் பிறந்தது என்பதும் பிழையே. குருந்தப் பொடியை அரக்கோடு குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தவர்கள், அது எந்தக் கல்லைத் தேய்க்கும், எதனைத் தேய்க்காது என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தனர். ‘வைரம் நீங்கலாக மற்றெல்லா மணிகளையும்’ என்று ஆண்டர்சனின் பெட்டியோடு சென்ற செய்தி, குருந்தத்தைக் கடினத்தன்மையின் வரிசையில் வைரத்திற்கு அடுத்த இடத்தில் வைக்கிறது. 1812ஆம் ஆண்டில் பிரீட்ரிக் மோஸ் வகுத்த பத்துப் படி அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. மோஸும் ஒரு தனியார் சேகரத்தின் வழியே அத்துறையில் பெயர் பெற்றவர். வியன்னா வங்கியாளர் வான் டெர் நுல்லின் கனிமங்களைப் பட்டியலிட்டது அவரது தொடக்ககாலப் பணி. சாணைக்காரரிடமிருந்து மோஸ் கற்றார் என்பதற்கில்லை. ஒன்றை மற்றொன்றால் கீறிப் பார்த்து வரிசைப்படுத்தும் முறை பட்டறையில் கையறிவாகவும் பேழையருகில் எண்ணாகவும் இருந்தது என்பதே கவனத்திற்குரியது. எண்ணுக்கு மோஸ் பெயர் கிடைத்தது. கையறிவுக்குப் பெயர் இல்லை. அது வழங்கிய சொல் மட்டும் எஞ்சியது.

பூர்னோனின் மற்றொரு செயலும் இங்குக் குறிக்கத்தக்கது. சேகரிப்பாளர்கள் பொதுவாக நிறைவான படிகத்தை வைத்துக்கொண்டு, அது பதிந்திருந்த தாய்ப்பாறையை உடைத்து எறிவர். பூர்னோன் கர்நாடகத்துக் குருந்தம் ஒட்டியிருந்த பாறையையும் ஆராய்ந்து, அதிலிருந்த ஒரு கனிமத்திற்கு ‘இண்டியனைட்’ என்று பெயரிட்டார். கர்நாடகம் என்று அக்காலத்தில் குறிக்கப்பட்டது இன்றைய தமிழகத்தின் பெரும்பகுதி. இண்டியனைட் என்பது அனார்த்தைட் என்னும் கனிமமே எனப் பின்னர் அறியப்பட்டது. பரமத்தியை அடுத்த சித்தம்பூண்டி வட்டாரத்தில் குருந்தத்தோடு சேர்ந்து கிடைக்கும் அனார்த்தசைட் பாறை இக்கனிமத்தால் ஆனது. நிலவின் மேட்டுநிலப் பாறைகளை அது ஒத்திருப்பதால், சந்திரயான்–2 ஊர்தியைச் சோதிப்பதற்கான செயற்கை நிலவுமண் அப்பாறையைப் பொடித்தே ஆக்கப்பட்டது. அழகிய படிகத்திலிருந்து உடைத்து எறியக்கூடிய பகுதிக்கும் இத்தகைய மதிப்பு உண்டு.

இன்று உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் இந்திய மாதிரிகளுள் தலையாயவை தக்காணத்து எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் விளைந்த ஸியோலைட்டுகளும் அபோபிலைட்டும் புனே அருகே வாகோலியின் நீல நிறக் கவன்சைட்டும் ஆகும். இவை கல்குவாரிகளிலும் கிணறு தோண்டும் இடங்களிலும் வெளிப்படுபவை. இடப்பெயர் எழுதிய சீட்டு இல்லையேல் இத்தகைய மாதிரியின் ஆய்வு மதிப்பும் விலையும் ஒருசேரக் குறையும். ஆயினும் பொந்தில் படிகம் மின்னுவதைக் கண்டு, வெடியையும் உளியையும் விலக்கி, அதை முறியாமல் எடுத்த தொழிலாளியின் பெயரை அச்சீட்டு பெரும்பாலும் சொல்வதில்லை. அவர் அக்கல்லை மராத்தியில் என்னவென்று அழைத்தார் என்பதும் அதில் இராது. உட்வர்டின் பட்டியலாவது ‘தெல்ல கொரிவிண்டம்’ என்று எழுதிவைத்தது.

அருங்காட்சியகங்களின் பழைய கனிமப் பட்டியல்கள் புவியியலாளருக்கு மட்டும் உரிய ஆவணங்கள் அல்ல. அகராதிகள் தொகுக்கப்படுவதற்கு முன்பே வயலிலும் பட்டறையிலும் வழங்கிய சொற்கள் அவற்றில் அயல்மொழி எழுத்தில் சிதைந்து கிடக்கின்றன. அவற்றை ‘நல்ல’ என்று படிப்பதா, ‘கறுப்பு’ என்று படிப்பதா என்பதைத் தீர்க்கத் தென்னிந்திய மொழிகளை அறிந்தவர்கள் வேண்டும். கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் உள்ள சேகரங்களை மட்டுமன்றி, 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கனிமப் பதிவேடுகளையும் இந்நோக்கில் படிக்கும் பணி மொழியியல் மாணவர்களுக்குக் காத்திருக்கிறது. குருந்தம் என்னும் சொல் உலகெங்கும் சென்று நிலைத்தது. அதனோடு புறப்பட்ட மற்ற சொற்கள் இன்னும் பேழைகளின் சீட்டுகளிலேயே தங்கியிருக்கக்கூடும்.